நடுத்தட்டில் கை வைத்தது யார்?

அந்த வாட்ச்மேன் என் சீப்பைக்கூட விடவில்லை.

"சீப்பு ஒண்ணு. கருப்பு. ரெண்டு பல்லு உடைஞ்சது," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பெரிய நோட்டில் எழுதினார். அதற்கு முன்பே என் பேனா, குடை, கைக்குட்டை மூன்றும் அந்த நோட்டில் ஏறியிருந்தன.

"ஐயா, நான் துப்பறிய வந்திருக்கேன். குடித்தனம் பண்ண வரல," என்றேன்.

"யாரா இருந்தாலும் சரி. உள்ள போற பொருளை எழுதணும், வெளிய வர்ற பொருளையும் எழுதணும். சீட்டு இல்லாம ஒரு குண்டூசி இந்த கேட்டைத் தாண்டாது. புது ரூலு. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என் கையெழுத்தை ஒரு நிமிடம் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு கேட்டைத் திறந்தார்.

அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் தன் கைப்பையைக் கொட்டிக் காட்டி, எழுதியதைப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. மற்றவர்களுக்குத் துப்பறிவாளர். நான் அவருடைய உதவியாளன். மூன்று வேலைகளை நான் விட்டேன், இரண்டு வேலைகள் என்னை விட்டன. "முப்பத்தி நாலு வயசு ஆம்பளைக்கு வீட்ல வச்சு சோறு போடுறதைவிட, ஆபீஸ்ல வச்சு வேலை வாங்குறது மேல்," என்று சொல்லி அண்ணி என்னைச் சேர்த்துக்கொண்டார். சம்பளம் பற்றி இங்கே பேச வேண்டாம்.

தொழிற்சாலையில் அன்னாசிப் பழத்தை நறுக்கி, உலர்த்தி, நூறு கிராம் பாக்கெட்டுகளில் அடைத்துக் கப்பலில் அனுப்புகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் சும்மா வாங்குவதில்லை. அவர்கள் ஊர்க் கடையில் இருக்கும் ஒரு பாக்கெட்டைக் காட்டினால், அது எந்தத் தோட்டத்துப் பழம், எந்த நாள் நறுக்கியது, யார் ஒட்டியது என்று கடைசிவரை தடம் காட்ட வேண்டும். காட்டினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் ஆர்டர். ஒரு வருடமாக மொத்தத் தொழிற்சாலையும் இதற்காக மாங்கு மாங்கென்று உழைத்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் மூன்று மணிக்கு வாங்குபவரின் ஆய்வாளர் வருகிறார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது காலை பத்து.

முதலாளியின் அறை குளுகுளு என்று இருந்தது. அந்தக் கட்டடத்திலேயே ஏசி போட்ட அறை அது ஒன்றுதான். முதலாளி நல்ல கனமான மனிதர். இரண்டரை மாதம் முன்பு கண் ஆபரேஷன் செய்துகொண்டதால் கறுப்புக் கண்ணாடி. உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. காலால் ஒரு உந்து உந்துவார், சக்கரம் வைத்த நாற்காலி போன் இருக்கும் இடத்துக்குப் போகும். இன்னொரு உந்து, ஜன்னலுக்குப் போகும்.

"வாங்கம்மா, வாங்க தம்பி. முதல்ல உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

நான் ஏசிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தேன். அண்ணி முதுகைக் காட்டியபடி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து நிமிர்ந்தபோது முதலாளி ஒரு சுற்று சுற்றி வந்து என் மடியில் ஒரு பாக்கெட்டைப் போட்டார்.

"சாப்பிடுங்க. என் ரூமுக்கு வந்து வெறுங்கையோட போனவங்க யாரும் கிடையாது. இருபது வருஷப் பழக்கம்."

எனக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. பிரித்தேன். பொன் நிறத்தில் வட்டமான துண்டுகள். ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரி உதிரியாக இருந்தன.

"பிரமாதமா இருக்கு சார்."

முதலாளியின் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "நீங்க ஒருத்தராவது சொன்னீங்க. முன்னெல்லாம் வந்துட்டுப் போறவங்க மறுநாளே போன் பண்ணுவாங்க. 'குழந்தைங்க தீத்துட்டாங்க'ன்னு சொல்லுவாங்க. ரெண்டு மாசமா ஒருத்தர் போன் பண்ணல. ஜனங்க மாறிட்டாங்கம்மா."

"அப்படியா?" என்றார் அண்ணி. அண்ணி 'அப்படியா' என்று கேட்டால் அது மண்டைக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு முதலாளி விஷயத்துக்கு வந்தார். ஒரு நாளில் உலர்த்துவது முழுவதும் ஒரு லாட். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு எண். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் இரண்டு பாக்கெட்டை சீல் பிரிக்காமல் எடுத்து வைக்க வேண்டும் என்பது வெளிநாட்டுக்காரர்களின் விதி. நாளைக்கு ஏதாவது புகார் வந்தால், அந்த மாதிரி பாக்கெட்டைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வெயில் படாத இடத்தில் வைக்கச் சொன்னதால் அந்த அலமாரி இந்த ஏசி அறைக்கே வந்து சேர்ந்தது. அதிலிருந்து இரண்டு மாதத்தில் பதினைந்து பாக்கெட் காணாமல் போயிருக்கிறது.

"இந்த ரூமுக்குள்ள தனியா வந்து போறது யார் யாரு?"

"மேனேஜர் ஒருத்தர். தர அதிகாரி அந்தப் பொண்ணு ஒருத்தி. வேற ஈ காக்கா வராது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு தர அதிகாரி வந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் வலைத்தொப்பி, கையில் ஒரு ஃபைல், கண்ணுக்குக் கீழே தூங்காத கருவளையம். எங்களுக்குக் காட்டுவதற்காக அலமாரியைத் திறந்தாள். ஐந்து தட்டுகள். அவள் விரல் எண்களின் மேல் ஓடியது. திடீரென்று நின்றது.

"ஐயோ! இருநூத்தி முப்பத்தொண்ணு எங்க?"

"என்னம்மா?"

"காலைல ஒம்பது மணிக்கு இங்க இருந்துச்சு மேடம்! நான் என் கண்ணால பாத்தேன். இப்ப மணி பத்தரை. இல்ல!"

அவள் அப்படியே அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். நடந்தது இது. முந்தின நாள் மாலை வெளிநாட்டிலிருந்து ஒரு புகார் வந்திருக்கிறது. லாட் 231. கடையில் பிரித்துப் பார்த்தால் துண்டுகள் எல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருக்கிறதாம். சரியாக உலர்த்தாமல் அனுப்பினார்களா, கப்பலில் ஈரம் பட்டதா? அதைச் சொல்லக்கூடியது மாதிரி பாக்கெட் மட்டும்தான். ஆய்வாளர் மூன்று மணிக்கு வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார். இரண்டில் ஒன்று போன வாரமே காணாமல் போனது. மிச்சமிருந்த ஒன்றும் இப்போது இல்லை.

"அப்ப நாம இந்த ரூம்ல இருக்கும்போதே திருடு போயிருக்கு," என்றேன், ஒரு துண்டை வாயில் போட்டபடி. "என்ன தைரியம் அண்ணி இந்தத் திருடனுக்கு!"

அண்ணி என்னைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். மடிப்புக் கலையாத சட்டை, காதில் ஒரு பேனா, சட்டைப் பையில் இரண்டு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வருத்தம் வந்த மாதிரி தெரியவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல சார்? இது வெளியாள் வேலை இல்ல. அந்த லாட்டைச் சரியா உலர்த்தாம பாஸ் பண்ணது யாரு? இந்தம்மா. மாதிரி பாக்கெட் இருந்தா யாரு மாட்டுவா? இந்தம்மா. ஒம்பது மணிக்குக் கடைசியா பாத்தது யாரு? அதுவும் இந்தம்மாதான்."

"நான் எதுக்கு சார் எடுக்கணும்? ஒரு வருஷமா இந்த அலமாரிக்குக் காவல் காக்கறதே நான்தான்!"

"மாதிரிகளை அழிச்சதுக்காக உங்களை வேலையைவிட்டு அனுப்பறோம்னு லெட்டர் டைப் பண்ணியாச்சு. ஆய்வாளர் வர்றதுக்குள்ள முதலாளி கையெழுத்துப் போட்டுட்டா, 'தப்பு பண்ணவங்களை அனுப்பிட்டோம்'னு அவர்கிட்ட சொல்லிக்கலாம். கம்பெனி தப்பிச்சிடும்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே என்னவோ போல் இருந்தது. மாதிரியை அழித்தவள் என்று ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டால், உணவுப் பொருள் செய்கிற எந்த இடத்திலும் அவளை வாசற்படி ஏற்றமாட்டார்கள். படித்த படிப்பு, ஒரு வருடத் தூக்கம், எல்லாம் அந்த ஒரு தாளோடு போய்விடும்.

முதலாளி கையைப் பிசைந்தார். "அம்மா, நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டு மணி வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க," என்றார் அண்ணி.

அண்ணி அலமாரி முன்னால் போய் நின்றார். மேலே இரண்டு தட்டும் நிறைந்திருந்தன. கீழே இரண்டு தட்டும் நிறைந்திருந்தன. நடுத்தட்டு மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

"தம்பி, இதுல என்ன தெரியுது?"

"திருடனுக்கு நடுத்தட்டு மேல ஆசை."

"மேல் தட்டு, நின்னுக்கிட்டு இருக்கறவனுக்குக் கைக்கு எட்டும். கீழ் தட்டு, குனிஞ்சா எட்டும். நடுத்தட்டு யாருக்குச் சௌகரியம்?"

"குள்ளமானவனுக்கு."

"போ, போய் உன் பாக்கெட்டைச் சாப்பிடு," என்றார் அண்ணி.

தர அதிகாரி எங்களைப் பாக்கெட் கட்டும் கூடத்துக்கு அழைத்துப் போனாள். நாற்பது பெண்கள் வெள்ளை அங்கியில், மூக்கும் தெரியாமல், ஒரே மாதிரி நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு அங்கியும் தொப்பியும் கொடுத்தார்கள். கண்ணாடியில் பார்த்தபோது என்னை நானே அடையாளம் காண முடியாது என்று தோன்றியது.

"சார், இங்க மெல்லக் கூடாது," என்றாள் அவள்.

வெளி வராந்தாவுக்கு நாடு கடத்தப்பட்டேன். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது, அதனால் நஷ்டமில்லை.

"வாரா வாரம் திங்கக்கிழமை எண்ணுவேன் மேடம். முதல் வாரம் ரெண்டு குறைஞ்சுச்சு. நான்தான் தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சேன். ரெண்டாவது வாரம் மேனேஜர் சார்கிட்ட சொன்னேன். 'பாத்துக்கறேன்'னார். மூணாவது வாரமும் சொன்னேன். அப்பவும் 'பாத்துக்கறேன்'னார். பதினஞ்சு ஆனப்புறம்தான் நேரா முதலாளிக்கு எழுதிக் குடுத்தேன்."

ஃபைலை அண்ணி வாங்கிப் பார்த்தார். "ரெண்டு, மூணு, ரெண்டு, ஒண்ணு… அஞ்சாவது வாரம் பூஜ்யமா?"

"ஆமா மேடம். அந்த வாரம் ஒண்ணுகூட போகல. கடவுளே, நின்னுடுச்சுன்னு நினைச்சேன். அடுத்த வாரமே மூணு."

"அந்த வாரம் திருடனுக்கு லீவு போல," என்று நான் ஜன்னல் வழியே சொன்னேன்.

அண்ணி திரும்பினார். "உன் வாய்ல இருந்து அப்பப்ப உருப்படியாவும் ஒண்ணு வந்துடுது. அந்த வாரம் ஃபேக்டரில யாரு லீவும்மா?"

அவள் யோசித்தாள். "நான் வந்திருந்தேன். மேனேஜர் சாரும் வந்திருந்தாரு. முதலாளிதான் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தாரு. ஆனா அவரு இல்லாதப்பதான் திருட இன்னும் வசதி மேடம். ரூம்ல யாருமே இல்ல."

"அதுதான் எனக்கும் ஆச்சரியமா இருக்கு," என்றார் அண்ணி. "இன்னொண்ணு கேக்கறேன். அந்த நடுத்தட்டுல எப்பவுமே மாதிரிதான் வச்சிருந்தீங்களா?"

"இல்ல மேடம். முதல்ல அதுல முதலாளி விருந்தாளிங்களுக்குக் குடுக்கற பாக்கெட்டுங்க இருந்துச்சு. அவரு கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தப்ப புது லாட்டுக்கெல்லாம் இடம் பத்தல. விருந்தாளி பாக்கெட்டை முன் ஹால் அலமாரிக்கு மாத்திட்டு, நடுத்தட்டுல மாதிரியை அடுக்கினேன். முதலாளிகிட்ட சொல்லிடுங்கன்னு மேனேஜர் சார்கிட்ட சொன்னேன்."

"அவர் சொன்னாரா?"

"'பாத்துக்கறேன்'னார்."

அண்ணி அங்கியைக் கழற்றினார். முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் உதவியாளன் என்றால் விளங்கியவன் போல் தலையாட்ட வேண்டும். ஆட்டினேன்.

ஒன்றே முக்காலுக்கு முதலாளி அறையில் எல்லோரும் கூடினோம். மேனேஜர் அந்த லெட்டரோடு தயாராக நின்றார். தர அதிகாரி சுவரோரமாக நின்றாள். அப்போது லேபிள் அச்சடிக்கும் அச்சகக்காரர் புது லேபிள்களோடு வந்தார். அண்ணி சொல்லி நான்தான் போன் செய்து அவரை வரவழைத்திருந்தேன் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது.

"யாரும் எதுவும் பேசாதீங்க," என்று அண்ணி மெதுவாகச் சொன்னார். "சார், நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க."

அச்சகக்காரர் லேபிளைக் காட்டினார். முதலாளி கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, லேபிளை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றார். அச்சகக்காரர் கிளம்ப எழுந்தார்.

"இருப்பா, வெறுங்கையோடவா போவே?"

முதலாளியின் கால் தரையில் ஒரு உந்து உந்தியது. நாற்காலி உருண்டது. பாதி திறந்திருந்த அலமாரியின் முன்னால் சொல்லி வைத்த மாதிரி நின்றது. உட்கார்ந்த நிலையிலேயே அவர் கை தோள் உயரத்துக்கு நீண்டது. நடுத்தட்டில் முன்வரிசையில் இருந்த ஒரு பாக்கெட்டை எடுத்தது. நாற்காலி திரும்பி உருண்டது. பாக்கெட் அச்சகக்காரர் கைக்குப் போனது.

"குழந்தைங்களுக்குக் குடு," என்றார் முதலாளி அன்பாக.

தர அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜரின் காதிலிருந்த பேனா கீழே விழுந்தது. அச்சகக்காரர் ஒன்றும் புரியாமல் கும்பிட்டுவிட்டு வெளியேறினார்.

"என்ன, ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?" என்றார் முதலாளி.

"நீங்க தேடற ஆள் கிடைச்சாச்சு சார்," என்றார் அண்ணி. "இந்த ரூமுக்கு வர்றவங்க ரெண்டு பேருன்னு சொன்னீங்க. மூணு பேரு. உங்களை நீங்களே கணக்குல சேக்கல."

நடுத்தட்டு மாறிய கதையை அண்ணி சொன்னார். முதலாளி கேட்கக் கேட்க அந்தப் பெரிய உடம்பு நாற்காலிக்குள்ளேயே சிறுத்துப் போனது.

"நான் ஆபரேஷன் முடிஞ்சு வந்து பாத்தேன். தட்டு நிறைஞ்சிருந்துச்சு. விருந்தாளிங்களுக்காக இந்தப் பொண்ணு எவ்வளவு அக்கறையா அடுக்கி வச்சிருக்கான்னு சந்தோஷப்பட்டேன்," என்றார். "அந்தப் பொண்ணைப் போய்… ஐயோ, நான் கையெழுத்துப் போட இருந்தேனே!"

"சார், நான் உங்ககிட்ட சொன்னேன்னு நினைக்கிறேன்…" என்று மேனேஜர் ஆரம்பித்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

"அப்ப இன்னிக்கு காலைல ஒம்பதுக்கும் பத்தரைக்கும் நடுவுல யாருக்குக் குடுத்தீங்க?" என்று நான் கேட்டேன். துப்பறிவாளன் குரல் எனக்கு நன்றாகவே வரும்.

நான்கு பேரும் நான் இன்னும் கழற்றாத அங்கியின் பையைப் பார்த்தார்கள்.

மெதுவாகப் பாக்கெட்டை வெளியே எடுத்தேன். கீழ் ஓரத்தில் எறும்பு அளவு எழுத்து. அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இருநூத்தி முப்பத்தொண்ணு," என்றார்.

என் கைக்குத் திரும்பி வந்த பாக்கெட்டுக்குள் இரண்டு துண்டுகள் இருந்தன. காலையிலிருந்து வழக்கின் முக்கியச் சாட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே திருடனைத் தேடியிருக்கிறேன். தர அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பிரிச்ச பாக்கெட்டை ஆய்வாளர் ஏத்துக்க மாட்டாரு மேடம். இதுல இருந்தது அதுதானான்னு கேப்பாரு. திருடினது நான் இல்லைன்னு இங்க இருக்கற நாலு பேருக்குத் தெரியும். அந்த லாட்டைச் சரியா உலர்த்தினேன்னு எப்படிக் காட்டறது?"

"என் தப்பும் இருக்கும்மா. என் முதுகுக்குப் பின்னால நடந்துச்சு, நான் திரும்பிப் பாக்கல," என்றார் அண்ணி. அவர் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மணி இரண்டு. அண்ணி அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நின்றார்.

"சார், ரெண்டு மாசமா யாருமே போன் பண்ணி நல்லா இருந்துச்சுன்னு சொல்லலன்னீங்களே."

"ஆமாம்மா. அதுக்கென்ன இப்ப?"

"பதினஞ்சு பேரு வாங்கிட்டுப் போயிருக்காங்க. பதினஞ்சு பேருக்கும் மரியாதை தெரியாம போயிடுமா? போன் பண்ணலன்னா சாப்பிடலன்னு அர்த்தம். ஏன் சாப்பிடல? தம்பி, அச்சகக்காரர் பின்னாடியே ஓடு!"

ஓடினேன். அங்கி காலைத் தடுக்க, தொப்பி பறக்க, கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அச்சகக்காரர் வாட்ச்மேன் முன்னால் திருதிரு என்று விழித்துக்கொண்டு நின்றார்.

"லேபிள் ஆயிரம் உள்ள போச்சு, சரி. இந்தப் பாக்கெட் எங்க இருந்து வந்துச்சு?"

"முதலாளியே குடுத்தாருங்க."

"சீட்டு?"

"சீட்டெல்லாம் தரல."

"சீட்டு இல்லாம வெளிய போகாது. உள்ள போய் வாங்கிட்டு வாங்க."

நூறு கிராம் அன்னாசிக்காக இவ்வளவு தூரம் திரும்ப நடப்பதா என்று அச்சகக்காரர் யோசித்தார். "நீங்களே வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வாட்ச்மேன் நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்தார்.

அதற்குள் அண்ணியும் மற்றவர்களும் மூச்சிரைக்க வந்துவிட்டார்கள். முதலாளி எழுந்து நடந்து வந்திருந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

"இந்த மாதிரி எத்தனை பாக்கெட் வாங்கி வச்சிருக்கீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"இதோட பதினாறும்மா."

அவருடைய காவல் கூண்டின் மூலையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே பதினைந்து பாக்கெட்டுகள், சீல் பிரிக்காமல், வரிசையாக. ஒவ்வொன்றின் மேலும் நூலில் கட்டிய ஒரு துண்டுச் சீட்டு. தேதி, நேரம், யாரிடம் வாங்கியது.

தர அதிகாரி மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினான்காவது பாக்கெட்டில் அவள் கை நின்றது. "231," என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சீட்டில், 'போன வியாழன், காலை 11.40, இன்சூரன்ஸ் ஏஜென்ட், முதலாளி கொடுத்ததாகச் சொன்னார், சீட்டு இல்லை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

"ஏன்யா, இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்று மேனேஜர் கத்தினார்.

"தினமும் எழுதறேனே சார். இதோ நோட்டு. சாயங்காலம் ஆனா நீங்கதானே ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடறீங்க." வாட்ச்மேன் பக்கங்களைத் திருப்பினார். பதினைந்து பறிமுதலுக்கும் கீழே மேனேஜரின் வளைந்து நெளிந்த கையெழுத்து அழகாக இருந்தது. "பாக்கெட்டைக் காணோம்னு உள்ள எல்லாரையும் விசாரிச்சாங்கன்னு கேள்விப்பட்டேன். என்னை யாரும் கேக்கலையே சார். வாட்ச்மேன்கிட்ட யாரு கேப்பாங்க?"

காலையில் அவரைக் கேலி செய்த எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆய்வாளர் மூன்று மணிக்குச் சரியாக வந்தார். ஒல்லியான மனிதர். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. உட்கார்ந்ததும், "லாட் 231 மாதிரி எங்கே?" என்றார்.

முதலாளி எழுந்து நின்றார். எதையும் மறைக்கவில்லை. "தப்பு என்னுது சார். நான்தான் எடுத்து எடுத்துக் குடுத்தேன். இந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல," என்று ஆரம்பித்து முழுவதும் சொன்னார். வாட்ச்மேனின் நோட்டு மேசைக்கு வந்தது. ஆய்வாளர் ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

பிறகு பாக்கெட்டைப் பிரித்து ஒரு வெள்ளைத் தாளில் கவிழ்த்தார். துண்டுகள் சலசலவென்று தனித்தனியாக விழுந்தன. ஒன்றும் ஒட்டவில்லை.

"இது ஏசி ரூம்ல இல்ல, ஒரு வாரமா வெயில்ல தகரப் பெட்டிக்குள்ள இருந்திருக்கு," என்றார் அண்ணி. "அதுலயே இப்படின்னா, ஈரம் எங்க பட்டுச்சுன்னு கப்பல்காரங்களைத்தான் கேக்கணும்."

ஆய்வாளர் தாளில் எழுதினார். லாட் 231: உலர்த்தியதில் குறையில்லை. மாதிரி அலமாரியைப் பூட்டாமல் வைத்தது ஒரு குறை, முப்பது நாளில் சரிசெய்ய வேண்டும். அவ்வளவுதான். தர அதிகாரி அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அந்த லெட்டரை என்ன பண்றது சார்?" என்று மேனேஜர் மெல்லக் கேட்டார்.

"ஃபைல்ல வையுங்க. இனிமே எதையும் மறைக்கக் கூடாது. அப்புறம், நாளைல இருந்து ஒரு மாசம் நீங்க கேட்ல உக்காந்து, கையெழுத்துப் போட்ட பக்கத்தையெல்லாம் வாய்விட்டுப் படிங்க. வாட்ச்மேன் கேப்பாரு," என்றார் முதலாளி. பிறகு, பழக்கதோஷம், ஆய்வாளர் எழுந்ததும் அவர் கால் ஒரு உந்து உந்தியது. நாற்காலி உருண்டது. கை நீண்டது. "சார்!" என்று தர அதிகாரி போட்ட அதட்டலில் கை பாதியில் நின்றது.

ஆய்வாளர் 231-லிருந்து சில துண்டுகளைத் தன் பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

"பையில என்னங்க? சீட்டு?" என்றார் வாட்ச்மேன்.

ஆய்வாளர் அவரைப் பார்த்தார். அன்று முதல் முறையாகச் சிரித்தார். திரும்ப உள்ளே நடந்து போய், முதலாளியிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார்.

அடுத்தது நான்.

"பேனா இருக்கு. குடை இருக்கு. கைக்குட்டை, சீப்பு இருக்கு," என்று வாட்ச்மேன் சரிபார்த்தார். "உங்களுக்கு உள்ள ஒரு பாக்கெட் குடுத்தாங்களாமே. அது எங்க?"

காலிக் கவரை நீட்டினேன். மிச்சமிருந்த இரண்டு துண்டையும் பதற்றத்தில் எப்போதோ தின்றுவிட்டிருந்தேன். தர அதிகாரி அந்தக் கவரை என் கையிலிருந்து வாங்கி, கசங்கலை நீவிவிட்டு, தன் ஃபைலில் செருகிக்கொண்டாள்.

"தடம் முழுசா இருக்கணும் சார்," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "எழுதிக்குங்க ஐயா. லாட் 231, இன்னொரு பாக்கெட்."

வாட்ச்மேன் எழுதினார். 'சேர்ந்த இடம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு 'துப்பறிவாளர் உதவியாளர் வயிறு' என்று தெளிவாக எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து அண்ணி போட்டார்.